கைத்திறனும் மின்னிசையும்



இசைக்கருவி என்றவுடன் நம் மனக்கண்முன் வீணையும் குழலும் மிருதங்கமும் நாகசுரமும் தோன்றுகின்றன. அவற்றை ஆக்குவோர் வழிவழியாக அத்தொழிலில் ஊறியவர்கள். தஞ்சையில் வீணை செய்யும் கைவினைஞர் பலாக் கட்டையை விரலால் தட்டிப் பார்த்தே அதன் நாதத்தை உணர்ந்துகொள்வார். அவருடைய கைக்குச் செவி உண்டு என்று சொன்னாலும் பொருந்தும்.

ஆனால், மின்சாரத்தால் ஒலிக்கும் இசைக்கருவி என்று சொன்னால் நம் எண்ணம் வேறு வழியில் செல்கிறது. எங்கோ ஒரு பெரிய தொழிற்சாலையில் இயந்திரங்களால் செய்யப்பட்டு, பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வரும் பொருள் அது. விசையைத் தட்டினால் தானே பாடும். அதனை வாசிக்கப் பயிற்சியும் வேண்டா, செவியறிவும் வேண்டா என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? மின்னிசைக் கருவிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அது பெரும்பாலும் தம் கையாலேயே கருவியை ஆக்கி, தம் செவியாலேயே அதனைத் திருத்திக்கொண்ட மனிதர்களின் வரலாறாகவே இருக்கக் காண்கிறோம். அவர்களுள் சிலரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒலி என்பது அதிர்வு என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். நரம்பு அதிர்ந்தாலும், குழலுக்குள் காற்று அதிர்ந்தாலும், தோல் அதிர்ந்தாலும் ஒலி பிறக்கிறது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தையே முன்னும் பின்னுமாக அதிரச் செய்து, அதனை ஓர் ஒலிபெருக்கிக்கு அனுப்பினாலும் ஒலி பிறக்கும். மின்னிசையின் அடிப்படை இவ்வளவுதான். இந்த உண்மை முதன்முதலில் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று தெருவிளக்கு என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் வில் விளக்குகள் எரிந்தன. இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிவீசும் விளக்குகள் அவை. ஒளியோடு ஓர் இரைச்சலும் அவற்றிலிருந்து எழும். மக்களுக்கு அது தொல்லையாகவே இருந்தது. வில்லியம் டட்டெல் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், 1899ஆம் ஆண்டில், அவ்விளக்கோடு ஒரு கம்பிச்சுருளையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்தார். இரைச்சல் மாறித் தெளிவான ஒரு சுரம் எழுந்தது. கம்பிச்சுருளையும் மின்தேக்கியையும் மாற்றினால் சுரமும் மாறியது. அவர் ஒரு கட்டைப் பலகையை அதனோடு பொருத்தி, விளக்கைப் பாட்டுப் பாடச் செய்தார். தொல்லை என்று பிறர் காதைப் பொத்திக்கொண்ட ஒலியை அவர் காது கொடுத்துக் கேட்டார். வேறுபாடு அதுதான்.

இனி, இந்த வரலாற்றின் நடுநாயகமாக விளங்கும் ஒருவரைக் காண்போம். லெவ் தெர்மென் என்பவர் 1896ஆம் ஆண்டில் உருசிய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். மேலை நாட்டார் அவரைத் தெரமின் என்று அழைத்தனர். அவர் இயற்பியல் வல்லுநர். செல்லோ என்னும் பெரிய நரம்புக் கருவியை வாசிக்கவும் முறையாகக் கற்றவர். இவ்விரண்டையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1920ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களின் மின் தன்மையை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அளவில் ஏற்படும் மிகச்சிறு மாற்றமும் காதில் படவேண்டும் என்பதற்காக, அதனை ஒலி எழுப்புமாறு செய்திருந்தார். அப்போது ஒன்றைக் கவனித்தார். தம் கை கருவியின் அருகே சென்றபோது ஒலி உயர்ந்தது, விலகியபோது தாழ்ந்தது. அளவியல் வல்லுநர் ஒருவருக்கு அது பிழை. கையைத் தள்ளி வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடர்வார். செல்லோ வாசித்துப் பழகிய செவிக்கோ அது இசை. தெர்மென் கையை அசைத்து, தாம் அறிந்த மெட்டுகளை அந்தக் கருவியில் வாசிக்கத் தொடங்கினார். இவ்வாறு, தொடாமலே வாசிக்கும் இசைக்கருவி பிறந்தது. 1922ஆம் ஆண்டில் லெனின் முன்னிலையில் அதனை வாசித்துக் காட்டினார். லெனின் தாமும் வாசித்துப் பார்த்தார்.

கை படாமல் ஒலி மாறுவது எவ்வாறு? இதில் மாயம் ஒன்றும் இல்லை. தம்பூராவுக்குச் சுருதி கூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒத்து, முற்றிலும் ஒவ்வாமல் இருக்கும்போது, ஒலி ஏறியும் இறங்கியும் அலையலையாக விம்மும். நொடிக்கு 200 முறை அதிரும் தந்தியோடு 203 முறை அதிரும் தந்தி சேர்ந்தால் நொடிக்கு 3 விம்மல்கள் தோன்றும். அதாவது, இரண்டு அதிர்வுகளின் வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு விம்மல்கள். தெர்மெனின் கருவியில் இரண்டு மின் அலையியற்றிகள் உள்ளன. ஒன்று நொடிக்கு 3,00,000 முறை அதிர்கிறது என்று கொள்வோம். மற்றொன்றும் அவ்வாறே அதிர்கிறது. இவ்வளவு விரைவான அதிர்வு மனிதச் செவிக்கு எட்டாது. இரண்டாவது அலையியற்றியோடு ஒரு நிமிர்ந்த உலோகக் கம்பி இணைக்கப்பட்டுள்ளது. அதன் அருகே கை செல்லும்போது, கையும் கம்பியும் சேர்ந்து ஒரு மின்தேக்கியின் இரு தகடுகளைப் போல் ஆகின்றன. அந்த மிகச் சிறிய மாற்றத்தால் இரண்டாவது அதிர்வு 2,99,560 ஆகக் குறைகிறது. வேறுபாடு எவ்வளவு? 440. அந்த 440 அதிர்வுகளை வால்வுகள் பிரித்து எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. நமக்கு ஒரு சுரம் கேட்கிறது. கை மேலும் நெருங்கினால் வேறுபாடு மிகும், சுரம் உயரும். இடப்பக்கம் படுக்கையாக உள்ள வளையத்தின் மேல் மற்றொரு கையை ஏற்றினால் ஒலி பெருகும், தாழ்த்தினால் அடங்கும். என் இளமையில் இரவு நேரத்தில் டிரான்ஸிஸ்டர் வானொலியின் முள்ளைத் திருப்பும்போது, இரண்டு நிலையங்களுக்கு இடையே விசில் போன்ற ஓர் ஓசை எழும். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒலிதான்.

தெர்மென் 1927ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றார். 1928இல் தம் கருவிக்கு அங்கே காப்புரிமை பெற்றார். 1929ஆம் ஆண்டில் ஆர்.சி.ஏ. என்னும் பெரிய வானொலி நிறுவனம் அதனைத் தயாரித்து விற்க முன்வந்தது. எவரும் எளிதில் வாசிக்கலாம், ஒரு மெட்டை முணுமுணுக்கத் தெரிந்தால் போதும் என்பது விற்பனையாளரின் வாக்கு. ஏறத்தாழ 500 கருவிகள் செய்யப்பட்டன. முயற்சி வெற்றிபெறவில்லை. அந்த ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஒரு காரணம். மற்றொரு காரணம் கருவியிலேயே இருந்தது. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையை அசைத்தபோது, இசைக்குப் பதிலாக ஓலமே எழுந்தது. தொடுவதற்கு ஒரு மெட்டில்லை, கட்டையில்லை, தந்தியில்லை. வெட்டவெளியில் சுரம் எங்கே இருக்கிறது என்று கை தேடவேண்டும். கம்பிக்கு அருகில் சுரங்கள் நெருக்கமாகவும், தொலைவில் அகலமாகவும் அமைந்திருக்கும். உடல் சற்று அசைந்தாலும் சுருதி கெடும். எளிது என்று விற்கப்பட்ட கருவி, உண்மையில் இசைக்கருவிகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று.

அப்படியானால் அதனை எவருமே வாசிக்கவில்லையா? வாசித்தார் ஒருவர். கிளாரா ராக்மோர் என்பது அவர் பெயர். 1911ஆம் ஆண்டில் வில்னியஸ் நகரில் பிறந்தவர். வயலினில் அருமேதை என்று பெயர் பெற்று, பால் மணம் மாறாத பருவத்திலேயே செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். புகழ்பெற்ற ஆசிரியர் லியோபோல்டு ஆவரிடம் பயின்றார். பின்பு அமெரிக்காவில் குடியேறினார். இசை மேடை அவருக்காகக் காத்திருந்தது. அந்த வேளையில் அவர் கையில் கோளாறு தோன்றியது. வில்லைப் பிடித்து வாசிக்க இயலாத நிலை ஏற்பட்டது. நான்கு வயது முதல் கற்ற கலை ஒருவரிடமிருந்து பறிபோவது எத்தகைய துயரம் என்பதை எண்ணிப் பாருங்கள். செவி இருக்கிறது, உள்ளத்தில் இசை இருக்கிறது, கை மட்டும் உதவ மறுக்கிறது.

நியூயார்க்கில் அவர் தெர்மெனைச் சந்தித்தார். வில்லும் வேண்டாத, நரம்பும் வேண்டாத ஒரு கருவியை அவரிடம் கண்டார். ஆயினும், கிடைத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு மகிழ்ந்துவிடவில்லை. வயலின் கற்ற செவி குறைகளை எடுத்துக் கூறியது. சுர எல்லை மூன்று ஸ்தாயியோடு நிற்கலாகாது, ஐந்து ஸ்தாயியாக விரியவேண்டும் என்றார். ஒலியைக் கட்டுப்படுத்தும் பகுதி விரைந்து இயங்கவேண்டும். இல்லாவிடில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே ஒலி வழுக்கிக்கொண்டே போகிறது, சுரங்கள் தனித்தனியே ஒலிப்பதில்லை என்றார். பெட்டியின் உயரம் குறையவேண்டும், வாசிப்பவரைச் சபையோர் காணவேண்டும் என்றார். தெர்மென் இவற்றையெல்லாம் கேட்டு, அவருக்கென்றே தனியாக ஒரு கருவியைச் செய்து கொடுத்தார். கருவியை ஆக்கியவருக்கு மின்சாரம் தெரியும். வாசித்தவருக்கு அது எங்கே குறைபடுகிறது என்பது தெரியும். இருவரும் கலந்து பேசியதால்தான் கருவி முழுமை அடைந்தது.

கிளாரா அத்தோடும் நிற்கவில்லை. காற்றில் விரல் வைக்கும் முறை ஒன்றைத் தாமே வகுத்தார். முன்கையை ஓரிடத்தில் நிறுத்தி, மூடிய விரல்களை ஒவ்வொரு படியாக விரித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரம் பிறக்குமாறு பயின்றார். உடல் சிலைபோல் அசையாது நிற்கும். விரல்கள் மட்டும் வெறுவெளியில் இயங்கும். 1934ஆம் ஆண்டில் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் அவர் வாசித்தார். ஆய்வுக்கூட வேடிக்கை என்று எண்ணப்பட்ட பொருள் அவர் கையில் மனிதக் குரலைப்போல் பாடியது. 500 பேர் கையில் ஓலமிட்ட கருவி ஒருவர் கையில் பாடியது என்றால், அதற்குக் காரணம் மின்சாரம் அன்று, பயிற்சியே ஆகும்.

தெர்மெனின் பிற்கால வாழ்வு துன்பம் மிகுந்தது. 1938இல் அவர் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் கைது செய்யப்பட்டார். கடுந்தண்டனை முகாமிலும், பின்பு கைதிகளைக் கொண்டு நடத்தப்பட்ட இரகசிய ஆய்வுக்கூடத்திலும் அவர் பல ஆண்டுகளைக் கழித்தார். பிறர் பேச்சை ஒட்டுக் கேட்கும் கருவிகளை அவர் அங்கே ஆக்க நேர்ந்தது. இசை கேட்கப் பிறந்த அறிவு அவ்வாறும் பயன்படுத்தப்பட்டது என்பதை மாணவர்கள் மறக்கலாகாது. 1991ஆம் ஆண்டில், 95 வயதை எட்டிய நிலையில், அவர் மீண்டும் அமெரிக்கா சென்று கிளாராவைக் கண்டார். 1993இல் மறைந்தார்.

அவர் மூட்டிய விளக்கை ஒரு பள்ளிச் சிறுவன் ஏந்திக்கொண்டான். 1934இல் பிறந்த இராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர், பதினான்கு வயதளவில், தந்தையின் பட்டறையில் தெர்மெனின் கருவியைத் தம் கையாலேயே செய்தார். 1954இல் அதனைச் செய்யும் முறையை விளக்கி வானொலி இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். 1961 முதல், உறுப்புகளை ஒரு பெட்டியில் இட்டு, வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் வகையில் விற்றார். ஏறத்தாழ 1,000 பெட்டிகள் விற்றன. தொழிற்சாலை முழுக் கருவியாகச் செய்தபோது விற்றவை சில நூறே. தாமே செய்துகொள்ளுங்கள் என்றபோது ஆயிரம் பேர் முன்வந்தனர்! 1964ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரின் தேவைகளைக் கேட்டறிந்து, மூக் தம் புகழ்பெற்ற சிந்தசைசரை உருவாக்கினார். இங்கும் பொறியியலாளர் ஒருவரும் இசைவாணர் ஒருவரும் சேர்ந்தே வேலை செய்தனர் என்பதைக் காண்க. அத்தகைய மூக் கருவி ஒன்று 1969ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கும் வந்தது. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைக்கலைஞர் அதனை நிறுவ, இந்திய இளைஞர் சிலர் அதில் மின்னிசை ஆய்வுகள் செய்தனர்.

உயர்ந்த ஆய்வுக்கூடமும் பெரும்பொருளும் இருந்தால்தான் இவை இயலும் என்று எண்ணவேண்டா. 1960களில் ரீட் கசாலா என்னும் அமெரிக்கச் சிறுவன், மூடி கழன்ற சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை மேசை அறைக்குள் வைத்திருந்தான். உள்ளேயிருந்த ஏதோ ஓர் உலோகப் பொருள் அதன் உறுப்புகளின்மேல் பட்டது. மேசையிலிருந்து விந்தையான ஒலிகள் எழுந்தன. கெட்டுவிட்டது என்று அவன் அதனை எறிந்துவிடவில்லை. தற்செயலாகப் பட்டதே இவ்வளவு ஒலி தருமானால், வேண்டுமென்றே தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று வினவினான். மின்கலத்தால் இயங்கும் பழைய பொம்மைகளைத் திறந்து, புதிய இணைப்புகள் கொடுத்து, இசைக்கருவி ஆக்கும் ஒரு கலையே அதிலிருந்து வளர்ந்தது. இன்று உலகெங்கும் இளைஞர் பலர் அவ்வாறு ஆக்கிய கருவிகளை மேடையில் வாசிக்கின்றனர்.

நம் இசைக்கு இவற்றால் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நம் இசையின் உயிர் கமகம். சுரங்களுக்கு இடையே உள்ள வளைவும் அசைவும் கட்டைக் கருவியில் கிடைப்பதில்லை. அதனாலன்றோ அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது! 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. தெர்மெனின் கருவியிலோ கட்டையே இல்லை. கை எவ்வாறு வளைகிறதோ அவ்வாறே சுரமும் வளையும். கமகத்துக்கு அது இடம் கொடுக்கும். இனி, கச்சேரிகளில் நீங்கள் காணும் மின்னணுத் தம்பூராவையும் சுருதிப்பெட்டியையும் எண்ணுங்கள். அவற்றை 1970களின் இறுதியில் பெங்களூரில் உருவாக்கி வழங்கிய ஜி. ராஜ் நாராயண், வானூர்தித் துறைப் பொறியியலாளர். அத்தோடு புல்லாங்குழல் வாசிப்பவர். தெர்மெனிடம் செல்லோ, இவரிடம் குழல். செவி முதலில் வந்தது. கருவி பின்னால் வந்தது.

நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, அறிவியல் கண்காட்சிக்காக மாணவர் சிலர் எளிய மின்னிசைக் கருவி ஒன்றைச் செய்தனர். 555 என்னும் எண்ணுடைய சிறிய சில்லு, ஒளி படப்பட மின்தடை குறையும் ஒளி உணர் தடை ஒன்று, இரண்டொரு மின்தேக்கிகள், 9 வோல்ட் மின்கலம், ஒரு சிறிய ஒலிபெருக்கி ஆகியவையே உறுப்புகள். ஒளி உணர் தடையின்மேல் கையின் நிழல் விழுந்தால் சுரம் தாழும். நிழல் விலகினால் உயரும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கும்போது, தடை 10,000 ஓம் ஆனால் நொடிக்கு ஏறத்தாழ 700 அதிர்வுகளும், 1,00,000 ஓம் ஆனால் ஏறத்தாழ 70 அதிர்வுகளும் பிறக்கும். ஒரே நாளில் கருவி முடிந்துவிட்டது. வேலையும் முடிந்துவிட்டது என்று மாணவர்கள் மகிழ்ந்தனர். எழுந்த ஒலியோ பூனைகளின் சண்டையை ஒத்திருந்தது.

அவர்களுள் வாய்ப்பாட்டுக் கற்ற மாணவி ஒருத்தி மட்டும் மாலைதோறும் அதன் முன் அமர்ந்தாள். சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆதார சட்ஜம் எந்த நிழலில் இருக்கிறது, பஞ்சமம் எந்த நிழலில் இருக்கிறது என்று தேடினாள். ஒலி கரகரப்பாக இருக்கிறதே என்று முதலில் ஐயுற்றவளும் அவளே. ஆராய்ந்தபோது, அறையின் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வது கருவிக்குள் நுழைவது தெரிந்தது. நம் கண்ணுக்குப் புலனாகாததைக் கருவி கண்டுகொண்டது! சன்னலோரத்துப் பகலொளிக்கு அதனை மாற்றியதும் கரகரப்பு நீங்கியது. மூன்று வாரத்தில் மோகன இராகத்தின் ஐந்து சுரங்களை அவளால் நிறுத்தி வாசிக்க முடிந்தது. மற்ற மாணவர்கள் செய்தது மின்சுற்று. அதனை இசைக்கருவி ஆக்கியவள் அவளே என்று நான் கருதுகிறேன்.

முயன்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்கலத்தால் இயங்கும் சிறு கருவிகளோடு மட்டுமே பழகுங்கள். வீட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தோடு இணைந்த எந்தப் பெட்டியையும் திறவாதீர்கள். பழைய வால்வு வானொலிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டு. இணைப்பை எடுத்த பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஆர்வம் நல்லது, உயிர் அதனினும் அரியது. ஐயம் எழுந்தால் ஆசிரியரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்று கடையிலே எல்லாம் கிடைக்கின்றன. விரல் பட்டவுடன் நூறு கருவிகளின் ஒலியைத் தரும் பொருள்கள் மலிந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தலாகாது என்று நான் சொல்லவில்லை. ஆயினும், ஒருமுறையேனும் ஒரு சிறு கருவியை நீங்களே ஆக்கிப் பாருங்கள். ஆக்கிய பின் அதனை மூலையில் வைத்துவிடாமல் வாசிக்கப் பயிலுங்கள். ஆக்கும்போது இயற்பியல் விளங்கும். வாசிக்கும்போது இசை விளங்கும். பிழையான ஒலி எழும்போது பொறுமையோடு காது கொடுத்தால் இரண்டும் சேர்ந்து விளங்கும். உங்கள் கைகளுக்கும் செவி உண்டாகட்டும்.